பிறந்த வீடா, புகுந்த வீடா?

கல்யாணமாகி இருபது வருஷம் ஆன ஒரு பெண்மணியிடம், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வராது. "பிறந்தது திருநெல்வேலி, வாழ்க்கைப்பட்டது கும்பகோணம், குடியிருப்பது மாம்பலம்" என்று மூன்று ஊரைச் சொல்லுவார். மூன்றும் நிஜம்தான். எந்த ஒன்றை விட்டாலும் பதில் அரைகுறையாகிவிடும்.

இதே கேள்வியைக் கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரிடம் கேட்டால் அது சர்வதேச விவகாரமாகி விடுகிறது! உலகக் கோப்பைப் பந்தயம் நடக்கும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் ராத்திரி முழுதும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து, "இவன் அந்த தேசத்தில் பிறந்தவனே இல்லையே, எப்படி ஆடலாம்?" என்று வாதாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பையன்களின் வீண் சண்டை என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சங்கடம் அதற்குள் இருக்கிறது.

ஆதியில் இந்த விஷயத்தில் கட்டுப்பாடு அதிகம் இல்லை. 1930ல் முதல் உலகக் கோப்பைப் பந்தயம் உருகுவேயில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா கோஷ்டியில் லூயி மோன்ட்டி என்பவர் ஆடினார்; கோஷ்டி தோற்றது. 1934ல் ரோம் நகரில் இறுதி ஆட்டம். அங்கேயும் அதே மோன்ட்டி! ஆனால் இந்தத் தடவை இத்தாலியின் நீலச் சட்டையில். அவருடைய முன்னோர் இத்தாலியர். அந்த உறவைச் சொல்லி இத்தாலி அவரை அழைத்துக் கொண்டது. இந்த முறை ஜெயித்தும் விட்டார். இரண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் இரண்டு தேசங்களுக்காக ஆடியவர் அவர் ஒருவரே.

அவருக்குப் பின்னால் வந்தவர் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ. பிறந்தது அர்ஜென்டினாவில், 1947ல் அந்த தேசத்துக்காக 6 ஆட்டங்கள் ஆடினார். பிறகு ஸ்பெயினுக்குப் போய் அந்நாட்டுப் பிரஜையாகி, 1957 முதல் ஸ்பெயினுக்காக 31 ஆட்டங்களில் 23 கோல் போட்டார். இவ்வளவு இருந்தும் என்ன பயன்? உலகக் கோப்பைப் பந்தயத்தில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை! 1962ல் ஸ்பெயின் போனபோது அவருக்குக் காயம். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் இருந்தும் விருந்துக்குப் போகக் கொடுத்து வைக்கவில்லை.

அதே 1962ல் ஸ்பெயினுக்காக ஆடிய இன்னொருவர் ஃபெரென்க் புஷ்காஷ். ஹங்கேரிக்காக 85 ஆட்டங்களில் 84 கோல் போட்ட மகா சூரர். 1956ல் ஹங்கேரியில் புரட்சி வெடித்து நசுக்கப்பட்டபோது வெளிநாட்டில் இருந்தவர், திரும்பிப் போகவில்லை. மறுபடி சொந்த மண்ணை மிதித்தது 1981ல்தான். 2006ல் புடாபெஸ்டிலேயே காலமானார். அங்கேயே அடக்கமும் ஆனார். அவர் ஸ்பெயின் சட்டையைப் போட்டுக் கொண்டதால் ஹங்கேரியை மறந்துவிட்டார் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் இப்படி ஆளாளுக்கு தேசம் மாறினால் தேசியக் கோஷ்டி என்ற பேருக்கே அர்த்தம் இல்லாமல் போகும் என்று கவலை எழுந்தது. 1960களில் ஃபிஃபா என்னும் சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனம் கதவைச் சாத்தியது. ஒரு தேசத்துக்காக ஆடியவர் இன்னொரு தேசத்துக்காக ஆடக் கூடாது, தீர்ந்தது விஷயம். பல வருஷங்களுக்குப் பிறகு, 2004ல், இளவயதுக்காரர்களுக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள்.

2004ல் இன்னொன்றும் நடந்தது. கத்தார் தேசம் பிரேஸில் ஆட்டக்காரர்கள் சிலரைத் தன் பிரஜைகளாக்கிக் கொள்ளப் பார்த்தது. அவர்களுக்கும் கத்தாருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரும் பணம் பேசப்படுவதாகச் செய்தி. சம்மேளனம் உடனே குறுக்கிட்டு, தேசத்தோடு ஏதாவது ஒரு நிஜமான சம்பந்தம் இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. சரியான காரியம்தான். பணத்துக்காக முடிக்கிற சம்பந்தம் எப்படி விளங்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்றைய விதி என்ன? முதலில் அந்த தேசத்தின் பிரஜா உரிமை வேண்டும். பிரஜா உரிமையைப் புதிதாக வாங்கியவர் என்றால் அது மட்டும் போதாது. அவர் அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். அல்லது அவருடைய தாயோ தகப்பனோ அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது பாட்டியோ தாத்தாவோ பிறந்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் அங்கே குடியிருந்த காலத்தைக் கணக்கெடுப்பார்கள். பத்து வயதுக்குள் குடியேறிய குழந்தைக்கு 3 வருஷம் போதும்; அதற்குப் பிறகு வந்தவருக்கு 5 வருஷம்.

ஏற்கனவே ஒரு தேசத்துக்காக ஆடியவர் மாறுவதற்கும் 2020ல் சில சலுகைகள் தந்தார்கள். 21 வயதுக்கு முன்னால் மூன்றுக்கு மேற்படாத ஆட்டங்களே ஆடியிருக்க வேண்டும். கடைசி ஆட்டம் முடிந்து 3 வருஷம் ஆகியிருக்க வேண்டும். உலகக் கோப்பையில் ஆடியிருக்கக் கூடாது. நிச்சயதார்த்தம் வரை வந்து நின்ற சம்பந்தம் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்!

இந்த விதிகளிலே ஒரு வேடிக்கை உண்டு. இருபத்தைந்து வயது வாலிபன் பந்தை உதைக்கலாமா என்பதைத் தீர்மானிக்கிறவள், எப்போதோ எங்கேயோ பிறந்த ஒரு பாட்டி! அயர்லாந்து தேசத்தார் இதை நன்றாகப் பயன்படுத்திக் கொண்டார்கள். 1980களின் பிற்பகுதியில் அவர்களுக்குப் பயிற்சியாளராக வந்த ஜாக் சார்ல்ட்டனே ஓர் ஆங்கிலேயர். 1966ல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை ஜெயித்தவர். இங்கிலாந்தில் பிறந்த ஆட்டக்காரர்களில் யாருக்கு ஐரிஷ் பாட்டி, தாத்தா உண்டு என்று தேடிப் பிடித்துச் சேர்த்தார். 1990 உலகக் கோப்பையில் அந்தக் கோஷ்டி கால் இறுதி வரை போயிற்று.

அந்தக் கோஷ்டியில் டோனி காஸ்கரினோ என்பவர் இருந்தார். பிறந்தது இங்கிலாந்தில், தாயைப் பெற்ற தாத்தா ஐரிஷ்காரர். அயர்லாந்துக்காக 88 ஆட்டங்கள் ஆடினார். பல வருஷம் ஆடிய பிறகு, 1996ல் ஒரு நாள், அவருடைய தாயார் ஓர் உண்மையைச் சொன்னார்: தாம் அந்தக் குடும்பத்தில் பிறந்தவள் அல்ல, தத்தெடுத்து வளர்க்கப்பட்டவள் என்று! காஸ்கரினோ இதை 2000ல் தம் சுயசரிதையில் எழுதியபோது பெரிய பரபரப்பு. தத்துப் பிள்ளைக்கும் உரிமை உண்டு, ஆகையால் அவர் ஆடியது சரிதான் என்று பிறகு முடிவாயிற்று.

வேறு எப்படி முடிவாக முடியும்? தூக்கி வளர்த்த தகப்பன் தகப்பன் இல்லை என்று எந்தச் சட்டம் சொல்லும்? ரத்தம் என்று நாம் பெரிதாகப் பேசுவதில் முக்கால் பங்கு, சோறு போட்டுத் தாலாட்டி வளர்த்த பாசம்தான்.

ஆனால் பாசம் வேறு, பொய்க் காகிதம் வேறு. 2025 ஜூனில் மலேசியா கோஷ்டி வியட்நாமை 4க்கு 0 என்று தோற்கடித்தது. அந்தக் கோஷ்டியில் அயல் நாட்டில் பிறந்த 7 பேர் மலேசியப் பாட்டி தாத்தாக்களின் பேரால் சேர்க்கப்பட்டவர்கள். சம்மேளனம் அசல் பதிவேடுகளைத் தேடி எடுத்துப் பார்த்தது. மலாக்காவிலும் பினாங்கிலும் பிறந்ததாகச் சொல்லப்பட்ட பெரியவர்கள் உண்மையில் பிறந்தது ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும்! செப்டம்பரில் 7 பேருக்கும் 12 மாதத் தடை விதித்தார்கள். மலேசியச் சங்கத்துக்கு 3,50,000 ஸ்விஸ் பிராங்க் அபராதம். மேல்முறையீட்டுக் குழுவும் நவம்பரில் அதை உறுதி செய்தது. இல்லாத பாட்டியைப் படைத்தால் பாட்டிகள் சும்மா விடுவார்களா?

ஆக, விதி அவசியம். காகிதத்தைச் சோதிப்பதும் அவசியம். ஆனால் சோதித்து, சரி என்று சேர்த்துக் கொண்ட பிறகும் சிலர் விடுவதில்லை. "உன் மனசு எந்தப் பக்கம்?" என்று துளைக்கிறார்கள். இங்கேதான் நமக்கு ஆட்சேபம்.

2016 ஜூன் 11ஆம் தேதி, பிரான்ஸில் லான்ஸ் நகரில், ஐரோப்பியக் கோப்பை ஆட்டம். ஸ்விட்ஸர்லாந்துக்கும் அல்பேனியாவுக்கும் போட்டி. ஸ்விஸ் கோஷ்டியில் கிரானிட் ஷாக்கா. எதிரே அல்பேனிய கோஷ்டியில் அவருடைய அண்ணன் டாலண்ட் ஷாக்கா. இருவரும் பிறந்தது ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில். பெற்றோர் கொசோவோவிலிருந்து வந்த அல்பேனியர்கள். தாயார் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டிருந்த சட்டையில் பாதி ஸ்விஸ் கொடி, பாதி அல்பேனியக் கொடி! ஸ்விஸ் கோஷ்டி 1க்கு 0 என்று ஜெயித்தது. அந்தத் தாயிடம் போய், "உனக்கு யார் ஜெயிக்க வேண்டும்?" என்று கேட்க எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது.

2022 உலகக் கோப்பையில் காமரூன் தேசத்துக்கு எதிராக ஸ்விட்ஸர்லாந்துக்கு வெற்றி கோலைப் போட்டவர் ப்ரீல் எம்போலோ. அவர் பிறந்தது காமரூனின் தலைநகரான யாவுண்டேயில். சிறு பிள்ளையாகப் புறப்பட்டு வந்தவர். கோல் விழுந்ததும் சகாக்கள் ஓடி வந்து கட்டிக் கொண்டார்கள். அவரோ குதிக்கவில்லை, கூத்தாடவில்லை. கைகளை விரித்தபடி அப்படியே நின்றார். செய்ய வேண்டிய கடமையைப் புகுந்த வீட்டுக்குச் செய்துவிட்டார். பிறந்த வீட்டின் முன்னால் ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்று அடங்கி நின்றார். இதைவிட நாகரிகம் என்ன இருக்கிறது?

அதே பந்தயத்தில் மொராக்கோ கோஷ்டி அரை இறுதிக்குப் போயிற்று. ஆப்பிரிக்க தேசம் ஒன்று அவ்வளவு தூரம் போனது அதுவே முதல் தடவை. கோஷ்டியில் 26 பேர். அவர்களில் 14 பேர் பிறந்தது மொராக்கோவுக்கு வெளியே. அஷ்ரஃப் ஹக்கிமி பிறந்தது ஸ்பெயினின் மாட்ரிட் நகரில். அவருடைய தாயார் அங்கே பிறர் வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர். தகப்பனார் தெரு வியாபாரி. ஸ்பெயினை வெளியேற்றிய கடைசிப் பெனால்டியை அடித்தவர் அந்த ஹக்கிமிதான். வேலைக்காரியின் மகன் என்று ஒரு காலத்தில் யாரும் திரும்பிப் பார்த்திராத பிள்ளை, அன்று உலகம் பார்க்கத் தாயின் தேசத்துக்காக நின்றான்.

இனி ஒரு கசப்பான கதை. மெசூட் ஓசில், வெளிநாட்டில் பிறந்தவர்கூட அல்ல. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர். குடும்பம் மட்டும் துருக்கியிலிருந்து வந்தது. 2014ல் உலகக் கோப்பை ஜெயித்த ஜெர்மன் கோஷ்டியில் அவர் இருந்தார். அப்போது நம்மவர் என்று கொண்டாடினார்கள். 2018ல் துருக்கி ஜனாதிபதியோடு படம் எடுத்துக் கொண்டார். பிறகு உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றோடு திரும்பியது. ஏச்சும் பேச்சும் அவர் தலையில் விழுந்தன. அந்தப் படத்தைக் கண்டிக்க நியாயம் உண்டு. ஆனால் ஜெயித்தால் ஜெர்மானியன், தோற்றால் குடியேறியவன் என்று தன்னை நடத்துவதாகச் சொல்லி அவர் விலகிக் கொண்டாரே, அதுதான் உறைக்கிறது. ரசம் மணந்தால் "எங்க வீட்டு மருமகள்", பால் பொங்கி வழிந்தால் "அவள் பிறந்த வீட்டு வளர்ப்பு" என்ற பேச்சைக் கேட்டவர்களுக்கு ஓசிலின் வருத்தம் புரியும்.

நம் தேசத்துக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. இரட்டைப் பிரஜா உரிமையை நம் சட்டம் ஒப்புக் கொள்வதில்லை. இந்தியாவுக்காக ஆட வேண்டுமானால் மற்றப் பாஸ்போர்ட்டைத் துறந்தாக வேண்டும். இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் ஜப்பானில் பிறந்த இஸூமி அராட்டா அப்படித்தான் 2012ல் இந்தியப் பிரஜையானார். 2013ல் நம் கோஷ்டியில் ஆடினார். ஆஸ்திரேலியாவில் பிறந்து அந்த தேசத்துக்காக ஒரு சிநேக ஆட்டமும் ஆடிய ரயன் வில்லியம்ஸ், ஆஸ்திரேலியப் பிரஜா உரிமையை விட்டுவிட்டு 2025 நவம்பரில் இந்தியப் பாஸ்போர்ட் பெற்றார். அவருடைய தாயார் மும்பையில் பிறந்த ஆங்கிலோ இந்தியர்.

நம்முடைய சட்டம் கடுமையானதா, தளர்த்தலாமா என்று பெரியவர்கள் விவாதிக்கட்டும். பிறந்த தேசத்தின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒருவர் நம் வாசற்படி ஏறினால், நம் பங்கு ஒன்றுதான். அவர் ஒரு கோலைக் கோட்டை விட்டால் திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். நம் வீட்டுப் பிள்ளையைத் திட்டுகிற மாதிரியே திட்டுங்கள். "எங்கிருந்தோ வந்தவன்தானே" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம்.