கணனி சுமக்காத பாரம்

கூரையின் மீது வீழும் வெண்பனியின் பாரத்தை இன்று கணனியே தீர்மானித்துவிடுகின்றது, பொறியியலாளர் தரவுகளை இட்டு விடையைப் பெற்றுக்கொண்டாற் போதும் என்றொரு நம்பிக்கை வேரூன்றி வருகின்றது. இந்நம்பிக்கை பிழையானது, அத்துடன் மனித உயிர்களைப் பணயம் வைப்பதுமாகும். வடிவமைப்பு மென்பொருள் பாரத்தைக் கூட்டும், பெருக்கும், உறுப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும். அப்பாரம் எத்தகையது என்பதை அது அறியாது. அறியவேண்டியவர் மனிதர், அறியத் தவறின் பதில் கூறவேண்டியவரும் அவரே.

பனி என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளியாகும். குளிர்நாடுகளின் வெண்பனி அத்தகையதன்று. ஐரோப்பியக் கட்டட விதிக்கோவை தரும் அளவின்படி, புதிதாக வீழ்ந்த பனியின் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறையுடையது. நீரூறிய பனியோ 400 கிலோகிராம். எனவே 1,000 சதுர மீற்றர் பரப்புடைய தட்டைக் கூரையில் அரை மீற்றர் உயரத்திற்கு ஈரப்பனி தேங்கின், அக்கூரை சுமப்பது 200 தொன். மெல்லிய பொருளும் அளவிறந்து ஏற்றப்படின் அச்சு முறியும் என்பதைத் தமிழர்க்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் பலர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் இத்தகைய கூரைகளின் கீழ் வாழ்கின்றனர். ஆதலின் இவ்விடயம் தமிழ் வாசகர்க்கு முற்றிலும் அந்நியமானதுமன்று.

இப்பாரம் எவ்வாறு பெறப்படுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். எந்த ஓராண்டிலும் மீறப்படுவதற்கு நூற்றுக்கு இரண்டு வாய்ப்பே உள்ள நிலப்பனிப் பாரம் முதலில் எடுத்துக்கொள்ளப்படுகின்றது. பின்னர் கூரையின் வடிவம், காற்றுக்கு அது திறந்திருக்கும் தன்மை, கூரையினூடாக வெளியேறும் வெப்பம் ஆகியவற்றுக்குரிய குணகங்களால் அது பெருக்கப்படுகின்றது. பெருக்கல் எளிது, குணகத்தைத் தெரிவதே அரிது. சாய்வு 30 பாகை வரையுள்ள கூரைக்கு வடிவக் குணகம் 0.8 ஆகும். பனி தடையின்றிச் சறுக்குமாயின், 45 பாகையில் அது 0.4 ஆகக் குறைந்து, 60 பாகையிற் பூச்சியமாகும். ஆனால் கூரை விளிம்பிற் பனித்தடுப்பு ஒன்று பொருத்தப்படின் குணகம் 0.8 இற்குக் குறைதல் ஆகாது. அதாவது, 45 பாகைக் கூரையில் ஒரு சிறு தடுப்பு பாரத்தை இருமடங்காக்கிவிடும். அத்தடுப்பு அங்கு உண்டா, நாளை பொருத்தப்படுமா என்பதைக் கணனி தானாக எங்ஙனம் அறியும்?

இடப்பட்ட பாரம் பொருந்துமா என்றும் பொறி ஆராய்வதில்லை. பனிப்பாரம் கிடைப்பரப்புக்கே கணிக்கப்படுவது. அதனைச் சாய்பரப்பின் நீளத்திற்கு இட்டால், 30 பாகைக் கூரையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிகையாகும். குறியை மாற்றியிட்டால், பனி கீழிருந்து மேல்நோக்கிப் பெய்வதாகவே கொண்டு, தசமதானம் பிசகாமல் விடை அளிக்கும். விடையின் துல்லியத்தை உண்மையின் துல்லியமெனக் கொள்வது பெரும் பேதைமை.

இப்பேதைமைக்கு வரலாறு சான்று பகரும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஹார்ட்போர்ட் நகரின் பொது அரங்கு 1975ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 300 அடி அகலமும் 360 அடி நீளமும் கொண்ட அதன் உருக்குச் சட்டகக் கூரை கணனிப் பகுப்பாய்வின் துணையுடன் வடிவமைக்கப்பட்டது. கூரை பொருத்தப்பட்ட காலத்திலேயே, அதன் தொய்வு கணித்ததைப் போல் இருமடங்காக இருந்தமை அளந்தறியப்பட்டது. எனினும் அளவுகோல் கூறியது கேட்கப்படவில்லை. கணனி கூறியதே வேதமாயிற்று. 1978ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் திகதி அதிகாலையில், கடும் பனிப்பொழிவின் பின் அக்கூரை முழுவதுமாக வீழ்ந்தது. சில மணி நேரத்திற்கு முன்னர்தான் கூடைப்பந்தாட்டம் காணவந்த ஏறத்தாழ 5,000 பேர் அங்கிருந்து வெளியேறியிருந்தனர். அன்றிருந்த பனி வடிவமைப்பிற் கொள்ளப்பட்ட அளவை எட்டவில்லை. கூரையின் சொந்த நிறை குறைத்து மதிப்பிடப்பட்டிருந்ததும், மேற்புற உறுப்புகள் கணிப்பிற் கொள்ளப்பட்டவாறு பக்கவாட்டிற் பிடித்துவைக்கப்படாததும் ஆய்வுகளில் வெளிப்பட்டன. பொறி கணக்கிற் பிழைக்கவில்லை. மனிதர் இட்ட எடுகோளே பிழைத்தது.

அதே மாதத்தில் நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டில் கல்லூரி அரங்கு ஒன்றின் குவிமாடமும் வீழ்ந்தது. பனி எங்கும் சீராகப் பரவும் என்ற எடுகோளில் அது அமைக்கப்பட்டிருந்தது. காற்றோ பனியை ஒருபுறத்தே குவித்தது. சீரான பெரும்பாரத்தைத் தாங்கவல்ல கூரை ஒருதலையான சிறுபாரத்தால் முறியக்கூடும் என்பது இதனாற் பெறப்படும். கூரை முழுவதற்கும் ஒரே பாரத்தை இட்டுவிட்டுத் திருப்தியடையும் வடிவமைப்பாளர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இவை பழங்கதைகள், இன்றைய மென்பொருள்கள் காற்றாற் குவியும் பனியையும் தாமே கணிக்கின்றன என மறுப்போர் உளர். அவை கணிப்பது உண்மையே. ஆயினும் அருகில் எழவிருக்கும் உயர்ந்த கட்டடத்தின் ஓரத்திற் பனி குவியும் என்பதை எவரேனும் கூறினாலன்றி அவை அறியா. கூரைக்குப் பின்னர் வெப்பக்காப்பு இடப்பட்டுப் பனி உருகாது தங்கும் என்பதையும் அறியா. அவ்வாறாயின் மீண்டும் தாளும் பென்சிலும் கொண்டு கணிப்பதா எனக் கேட்பதும் பொருந்தாது. கணனியை எவரும் துறக்க வேண்டியதில்லை. அதன் முன் அறிவைத் துறத்தலே கூடாது.

இது பொறியியலாளரின் உள்வீட்டு விவகாரம், பிறர்க்கு இதில் அலுவல் யாது என்பாரும் உண்டு. கூரையின் கீழ் இருப்போர் அனைவர்க்கும் அலுவல் உண்டு. 2006ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி போலந்தின் கட்டோவிச்சே கண்காட்சி மண்டபத்தின் கூரை பனியுடன் வீழ்ந்தபோது உயிரிழந்த 65 பேரும் புறாக் கண்காட்சிக்கு வந்தோரும் அங்கு பணிபுரிந்தோருமே. வடிவமைப்பிற் குறைகள் இருந்தன. தேங்கிய பனியும் அகற்றப்பட்டிருக்கவில்லை. வடிவமைப்பாளர் உட்படச் சிலர் சிறைத்தண்டனை பெற்றனர். குற்றவாளிக் கூண்டில் ஏறியோர் மனிதர். எந்த மென்பொருளும் ஏறவில்லை.

ஆகவே வேண்டப்படுவன அரியவை அல்ல. ஒவ்வொரு குணகமும் ஏன் தெரியப்பட்டது என்பதை வரைபடத்திற் கையொப்பமிடுபவர் எழுத்தில் வைத்தல் வேண்டும். கூரையின் மொத்தப் பனிப்பாரத்தை முதலிற் கையாற் கணித்து, தாங்கிகளின் எதிர்விசைகளது கூட்டுத்தொகை அதற்கு ஒத்துவருகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். ஒருபுறம் குவியும் பனியைத் தனியே ஆராய்தல் வேண்டும். கட்டியபின் அளந்த தொய்வு கணித்த தொய்விலிருந்து விலகுமாயின், ஐயம் முதலில் கணிப்பின் மீதே எழுதல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் மென்பொருளை இயக்கக் கற்பிக்குமுன் இவற்றைக் கற்பித்தல் கடன்.

இவற்றைச் செய்ய நேரமில்லை என்பவர் கூரை அமைக்கும் தொழிலை விட்டு விலகுவதே நன்று. கூரையின் பாரத்தை உருக்குச் சுமக்கும். கணக்கின் பாரத்தைக் கணனி சுமக்கும். பொறுப்பின் பாரத்தைச் சுமக்க மனிதரன்றி வேறெவரும் இல்லை.