ஓட்டிப் பாக்காம கையெழுத்துப் போடாதீங்க

வேட்டி கட்டிக்கிட்டு ஷோரூமுக்குப் போனது என் தப்புதான். வாசல்ல நின்ன தம்பி என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "அண்ணா, மைலேஜ் வண்டியெல்லாம் அந்தப் பக்கமுங்க" என்று கையைக் காட்டினான்.

"நேக்கட் பைக் பாக்க வந்தேன் தம்பி, ஓட்டிப் பாக்கணும்" என்றேன்.

பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் பின்னால நின்ன மகனுக்கு மானமே போயிருச்சு. "அப்பா, நான் ஓட்டிக்கிறேன், நீங்க சும்மா இருங்க" என்று காதுகிட்ட வந்து சொன்னான். நான் சும்மா இருக்கல. ஏன்னு சொல்றதுக்குத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல இந்தப் பேரு. நேக்கட் பைக் என்றால் வேறொன்றுமில்லை, சட்டை போடாத வண்டி. ரேஸ் வண்டிக்கு முன்னாலயும் பக்கத்துலயும் பிளாஸ்டிக் கவசம் மாட்டியிருப்பாங்க. அது இல்லாம இஞ்சினும் பிரேமும் வெளிய தெரிஞ்சா நேக்கட். அப்படிப் பாத்தா புல்லட், ஆர்எக்ஸ் 100 எல்லாமே வெறும் உடம்போட ஓடின வண்டிதான், அப்ப அதுக்கு இந்தப் பேரு இல்ல. 2008ல யமஹா எஃப்இசட் பின்னாடி 140 அகல டயரோட வந்து நின்னப்பத்தான் எங்க ஊர்ப் பசங்க கண்ணு இந்தப் பக்கம் திரும்புச்சு. இன்னைக்கு எங்க ஊர் டீக்கடை முன்னால நிக்கற வண்டியில பாதி இந்த ரகம்.

நகரத்துல இருக்கறவங்க இதைப் பத்திப் பேசும்போது ரெண்டே பேச்சுதான். ஒண்ணு, "ஊர்நாட்டுப் பசங்களுக்கு எதுக்கு இந்த வண்டி, வேகமாப் போயி சாகறதுக்கா?" இன்னொண்ணு, "ஓட்டிப் பாக்க என்ன இருக்கு, அதான் எல்லா வண்டிக்கும் வீடியோ இருக்கே." ரெண்டும் தப்பு. ரெண்டுக்கும் என் தங்கச்சி வீட்டுல ஒரு பதில் இருக்கு.

ரெண்டு வருசத்துக்கு முன்னால என் தங்கச்சி மகன் இந்த மாதிரி ஒரு வண்டி வாங்கினான். போன்ல படம் பாத்தான், கலர் பாத்தான், பணம் கட்டினான். ஒரு தடவை கூட ஏறி உக்காந்து பாக்கல. தவணைக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது நான். பையன் கொஞ்சம் குள்ளம், வண்டி கொஞ்சம் உயரம். மூணாவது வாரம், குளத்து மேட்டுல, சரளைக்கல் சரிவுல வண்டியைத் திருப்பினான். காலை ஊனினான். பாதம் எட்டல, கட்டைவிரல்தான் எட்டுச்சு. வண்டி சாஞ்சுது, கால் வண்டிக்கும் பாறைக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டு துண்டு, உள்ள பிளேட் வெச்சாங்க.

வேகமாப் போயி விழுந்திருந்தாலாவது ஊரு பேசறதுல நியாயம் இருந்திருக்கும். அவன் விழுந்தது நடக்கற வேகத்துல. எட்டு மாசம் படுக்கை. அந்த எட்டு மாசமும் தவணை நிக்கல, கையெழுத்துப் போட்டவன் கட்டினேன். பணம் போச்சுன்னு நான் அழல. "மாமா, ஒரு நாள் ஏறிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல" என்று கட்டில்ல படுத்துக்கிட்டு அவன் கேட்டானே, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில எங்கய்யா எருது வாங்கறதை நான் சின்னப் பையனா நின்னு பாத்திருக்கேன். பல்லைப் பாப்பாரு, சுழி பாப்பாரு, குளம்பைத் தூக்கிப் பாப்பாரு. அதோட விடமாட்டாரு. நடத்திப் பாக்கணும், வண்டியில பூட்டிப் பாக்கணும். அதுக்கப்பறந்தான் துண்டைப் போட்டு விரலைப் புடிச்சு விலை பேசுவாரு. பூட்டிப் பாக்க வேண்டாம்னு சொல்ற வியாபாரிகிட்ட அவரு ஒரு நிமிசம் நிக்கமாட்டாரு. "காட்ட மாட்டேங்கறான்னா மறைக்கறான்" என்பாரு. அவரு மகன் நான், ஒண்ணரை லட்சத்தை எட்டுற ஒரு சாமானுக்குப் படத்தைப் பாத்து ஜாமீன் போட்டிருக்கேன். வெக்கமா இருந்துச்சு.

இப்ப என் மகன் கேட்டான். பெருந்துறைப் பக்கம் ஷிப்ட் வேலை, போக வர எழுபது கிலோமீட்டர், பாதி நாள் ராத்திரி. என் ஸ்ப்ளெண்டரைத்தான் எடுத்துட்டுப் போறான். 97 சிசி வண்டி, டிரம் பிரேக். லாரி ஓடற ரோட்டுல மழை ராத்திரி அந்த பிரேக்கை நம்பி அவன் வர்றதை நினைச்சா எனக்குத் தூக்கம் வராது. நல்ல பிரேக், நல்ல வெளிச்சம், ரோட்டைப் புடிக்கற டயர் வேணும்னு அவன் கேட்டதுல நியாயம் இருக்கு. வாங்கித் தரேன்னேன். ஒரே ஒரு கண்டிசன்: நானும் ஓட்டிப் பாப்பேன், உங்கம்மாளும் உக்காந்து பாப்பா.

மூணு ஷோரூம், மூணு வண்டி. பேரு வேண்டாம்.

முதல் இடத்துல, "பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிட்டு வாங்க, அஞ்சு நிமிசம்" என்றார்கள். நாலு வழிச் சாலை, கண்ணாடி மாதிரி ரோடு. அந்த ரோட்டுல எந்த வண்டியும் தேர் மாதிரித்தான் போகும். எங்க தோட்டத்துக்குப் போற இட்டேரியில மாட்டு வண்டித் தடமும் மணலும் இருக்கு, எதிர்ல டிராக்டர் வந்தா அங்கேயே திருப்பணும். திரும்பி வந்து ஷோரூம் வாசல்லயே வட்டம் போட்டுப் பாத்தேன். ஹேண்டில் பாதியிலயே முட்டி நின்னுருச்சு. ஸ்ப்ளெண்டரை ஒரே தடவையில திருப்பற இடத்துல இது ரெண்டு தடவை முன்னும் பின்னும் தள்ளணும். எந்த வீடியோவுலயும் இதை யாரும் சொல்லி நான் கேட்கல.

ரெண்டாவது இடத்துல வண்டி அருமை. ஆனா என் சம்சாரத்தைப் பின்னால ஏத்தக் கூடாது, கம்பெனி ரூல்னுட்டாங்க. சரி, நிக்கற வண்டியிலயாவது உக்காரட்டும்னு உக்கார வெச்சேன். அவளுக்கு முட்டி வலி, ஒரு பக்கமாத்தான் உக்காருவா. வாரம் ஒரு நாள் வைத்தியத்துக்கு அவளைக் கூட்டிட்டுப் போறதும் இந்த வண்டிதான். சீட்டு உள்ளங்கை அகலம், முன்பக்கமா வழுக்குது. புடிக்கறதுக்குக் கம்பி இல்ல, சீட்டுக்கு அடியில விரல் நுழையற மாதிரி ஒரு பள்ளம். "ஏனுங்க, இதுல போறதுக்கு நான் பஸ்ஸுக்கே நின்னுக்கறேன்" என்றாள். பின்னால உக்காருறவங்களுக்குக் கைப்பிடி, கால் வைக்க மிதி, பின் சக்கரத்துல பாதியையாவது மறைக்கற தடுப்பு, இந்த மூணும் வேணும்னு 1989ல போட்ட மோட்டார் வாகன விதியிலேயே இருக்கு. எழுத்துல இருக்கு, சீட்டுல இல்ல. இருக்கற சேலைத் தடுப்பையும் அழகு கெடுதுன்னு பசங்க கழட்டி வீசிடறாங்க. அம்மா சேலை அவனுக்கு ஞாபகம் வர்றதில்ல.

மூணாவது இடத்துலதான் மனுசன் மாதிரி பேசினாங்க. மகனோட லைசென்ஸ், என் லைசென்ஸ் ரெண்டையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. மெக்கானிக் ஒருத்தர் இன்னொரு வண்டியில கூடவே வந்தாரு. அரை மணி நேரம். டவுனைத் தாண்டி மண்ரோட்டுல விட்டோம். சரளையில மெதுவாப் போயி முன் பிரேக்கை இறுக்கினேன். விரலுக்குக் கட்டகட்டன்னு அடிச்சுது, ஆனா சக்கரம் பூட்டல. ஏபிஎஸ் வேலை செய்யறது அப்படித்தான் இருக்கும்னு மெக்கானிக் சொன்னாரு. பின் பிரேக்கை மிதிச்சேன், சக்கரம் பூட்டி இழுத்துக்கிட்டுப் போச்சு. "அதுக்கு முன் சக்கரத்துக்கு மட்டுந்தானுங்க" என்றார். 125 சிசிக்கு மேல உள்ள வண்டிக்கு 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம். ஒரு சக்கரத்துக்கு இருந்தாலே சட்டத்துக்குப் போதும்னு வெச்சாங்க. விளம்பரத்துல ஏபிஎஸ்னு பெருசாப் போடுவாங்க, ஒண்ணா ரெண்டான்னு நாமதான் கேக்கணும்.

அடுத்தது இந்தக் குதிரைத் திறன் மோகம். எந்தப் பையனைக் கேட்டாலும் "எத்தனை பிஎச்பி" என்பதுதான் பேச்சு. டிராக்டர் ஓட்டுறவனுக்குத் தெரியும், கொழு மண்ணுல மாட்டுனா வேணுங்கறது வேகம் இல்ல, இழுவை. அதுவும் எந்தச் சுத்துல அந்த இழுவை வருதுங்கறதுதான் முக்கியம். ஒரே கம்பெனியோட ரெண்டு நேக்கட் வண்டியைக் காகிதத்துல வெச்சுப் பாருங்க. யமஹா எம்டி 15ல 18.4 குதிரைத் திறன். எஃப்இசட்ல 12.4. ஒண்ணு இன்னொண்ணைப் போல ஒண்ணரை மடங்கு. ஆனா இழுவை? எம்டியில 14.1 நியூட்டன் மீட்டர், அது நிமிசத்துக்கு 7,500 சுத்துல. எஃப்இசட்ல 13.3, அது 5,500 சுத்துலயே வந்துருது. இதனால ஒண்ணு நல்லது, ஒண்ணு மட்டம்னு நான் சொல்லல. நாலு வழிச் சாலையில முறுக்கிப் புடிக்கறவனுக்கு முதல் வண்டி சரி. இட்டேரியில பின்னால ஆளை வெச்சுக்கிட்டு ரெண்டாவது கியர்ல ஊர்ந்து வர்றவனுக்குக் கணக்கு வேற. கியர் பல்லு எத்தனை, வண்டி எடை எவ்வளவு, இதெல்லாமும் அதுல சேருது. அதனால காகிதம் தீர்ப்புச் சொல்லாது. ஓட்டித்தான் தெரியணும்.

சீட்டு உயரமும் அப்படித்தான். எம்டி 15க்கு 810 மில்லிமீட்டர், ஸ்ப்ளெண்டருக்கு 785. வித்தியாசம் ஒரு இன்ச்சுதான். அந்த ஒரு இன்ச்சு உங்களுக்கு ஒண்ணுமே இல்லாம இருக்கலாம். வேற ஒரு வண்டியில என் தங்கச்சி மகனுக்கு அது எட்டு மாசம்.

வீடியோ எடுக்கற தம்பிகளைக் குறை சொல்லணும்னு ஆசையில்ல. ஆனா அவங்க யாருக்கு ஓட்டிக் காட்டறாங்க? நூறைத் தொட எத்தனை நொடின்னு சொல்றாங்க. கிழவி பின்னால ஏற எத்தனை நொடி ஆகும்னு சொல்றாங்களா? சைடு ஸ்டாண்டு உழுத மண்ணுல புதையுமா, அடைமழையில சேறு முதுகு வரைக்கும் அடிக்குமா, உறை இல்லாத செயின் புழுதியில எத்தனை நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் கேக்கும், கிக்கர் இல்லாத வண்டி தோட்டத்துல பேட்டரி இறங்கி நின்னா யாரைக் கூப்பிடறது, இதெல்லாம் சொன்னா கோடிப் புண்ணியம். இந்த வண்டியை வாங்கற பாதிப்பேரு எங்களை மாதிரி ஊர்லதான் இருக்கோம்.

ஷோரூம்காரங்க பக்கத்துலயும் நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாத பசங்க வர்றாங்க. முன் சக்கரத்தைத் தூக்கிக் காட்டறாங்க. வண்டியைக் கீழ போட்டுட்டு ஓடறவனும் இருக்கான். பயம் வராம என்ன செய்யும்? ஆனா அதுக்கு மருந்து அந்த மூணாவது ஷோரூம் செஞ்சதுதான். லைசென்ஸை வாங்கி வையுங்க. கூட ஒரு ஆளை அனுப்புங்க. வேணும்னா முன்பணம் வாங்கிட்டுத் திருப்பிக் குடுங்க. அரை மணி நேரம் குடுங்க. நாலு வருசம் தவணை கட்டப் போறவனுக்கு அரை மணி நேரம் அதிகமா?

எல்லாத்தையும் விட எனக்குக் கோவம் அப்பன்மார் மேலதான். என்னையும் சேத்துத்தான் சொல்றேன். "சனியன் புடிச்ச வண்டி" என்று திட்டிக்கிட்டே கையெழுத்துப் போடறோம். திட்டறதுக்கு முன்னால ஒரு தடவை ஏறி உக்காந்தோமா? பையன்கூடப் போயி, அவனைப் பாதம் ஊனச் சொல்லி, பிரேக்கைப் புடிக்கச் சொல்லி, அவன் அம்மாளைப் பின்னால உக்கார வெச்சுப் பாத்தோமா? வேண்டாம்னு சொல்றது சுலபம். வாங்கிக் குடுத்துட்டுத் தலையில அடிச்சுக்கறதும் சுலபம். நடுவுல ஒரு நாள் செலவு பண்ணிச் சோதிக்கறதுதான் நமக்குக் கஷ்டமா இருக்கு. தேங்காய் வாங்கினா காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாக்கற ஆளுங்க நாம.

சரி, வண்டி வாங்கியாச்சு. மகனுக்குப் பாதம் ரெண்டும் முழுசா ஊனுது. பின்னால கம்பி தனியா வாங்கி மாட்டினோம், சேலைத் தடுப்பைக் கழட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். போன வாரம் என் சம்சாரம் ஹெல்மெட் போட்டுக்கிட்டு டவுனுக்குப் போயிட்டு வந்தா. "பரவால்லீங்க" என்றாள். அவ வாயில அது பெரிய சர்ட்டிபிகேட். தங்கச்சி மகன் ஊனுகோலை ஓரமா வெச்சுட்டு வந்து ஒரு தடவை ஏறி உக்காந்து, ரெண்டு காலையும் கீழ வெச்சுப் பாத்தான். ஒண்ணும் பேசல.

எந்த வண்டின்னு கேப்பீங்க. சொல்லமாட்டேன். சொன்னா நீங்க ஓட்டிப் பாக்காம அதையே வாங்கிருவீங்க.