காது கேட்காதவளும் தாய்தானே!

இந்தப் பகுதியில் பிரசவ அனுபவத்தை எழுதும் தோழிகள் பலரும், பிள்ளையின் முதல் அழுகுரல் கேட்டதும் பட்ட வலியெல்லாம் மறந்துபோயிற்று என்று எழுதுகிறார்கள். படிக்கச் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருடைய முதல் அழுகுரலையும் நான் கேட்டதில்லை. எனக்குக் காது கேட்காது.

ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போயிற்று. காது கேளாதோர் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். எழுதப் படிக்க நன்றாக வரும். பேச்சு கொஞ்சம் வரும், பழகியவர்களுக்குப் புரியும். என் கணவருக்கும் காது கேட்காது. தையல் கடை வைத்திருக்கிறார். 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி நம் நாட்டில் காது கேளாதவர்கள் சுமார் 50 லட்சம் பேர். ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். அவர்களும் கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிகளில் எங்களை நினைத்து எந்த ஏற்பாடும் இருப்பதாகத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2014-ல் மூத்தவன் பிறந்தான். பிரசவ அறை வாசலிலேயே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் காதும் வாயும் அவள்தான் என்று அவள் எவ்வளவோ கெஞ்சியும் விடவில்லை. உள்ளே எல்லோர் முகத்திலும் மாஸ்க். ஒரு சிஸ்டர் மட்டும் மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சொன்னார். அதுவும் பிரயோஜனப்படவில்லை. 'முக்கு' என்பதும் 'மூச்சு' என்பதும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள், புரியும். முக்கச் சொல்கிறார்களா, முக்காமல் மூச்சு விடச் சொல்கிறார்களா என்று வலியோடு வலியாக எப்படிக் கண்டுபிடிப்பது? தொடையில் அடி விழுந்தது. கோபப்படுகிறார்கள் என்று தெரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. கத்தியால் கீறினார்கள், தையல் போட்டார்கள். எதையும் யாரும் ஜாடையாகக்கூடக் காட்டவில்லை.

பிள்ளை பிறந்ததும் தலைமாட்டுப் பக்கம் மேஜைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காது கேட்கிறவர்களுக்குப் பிள்ளை அழுததுமே உயிர் வரும். எனக்கு? உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு ஆயா கொண்டுவந்து முகத்துக்கு நேராகக் காட்டிய பிறகுதான் மகன் என்று தெரிந்தது. அந்த நேரத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று நீல விளக்கில் வைத்தார்கள். தாய்மார்கள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். பால் கொடுக்கும் நேரம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்மா சாப்பாடு கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு முறை என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "பெத்தவளுக்கே அக்கறை இல்ல" என்று பேசிக்கொண்டதாகப் பக்கத்துப் படுக்கை அக்கா பிறகு அம்மாவிடம் சொன்னார்களாம். அன்று ராத்திரி முழுக்கத் தையல் வலியோடு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் வந்து தோளைத் தொட்டிருந்தால் போதுமே!

2021-ல் இளையவள் பிறந்தது வேறு ஆஸ்பத்திரியில். கொரோனா காலம். யார் முகமும் தெரியாது. சிசேரியன் என்று வேறு சொல்லிவிட்டார்கள். நான் பயந்து நடுங்கினேன். ஆனால் அங்கே இருந்த ஒரு சிஸ்டரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "காது கேட்காது. எதிரே நின்று பேசவும். எழுதிக் காட்டவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி என் கட்டிலிலும் கேஸ் ஷீட்டிலும் ஒட்டினார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தாளில் நடக்கப்போவதை வரிசையாக எழுதிக் கொடுத்தார். முதுகை வளைத்து உட்கார வேண்டும், அசையக் கூடாது, முதுகில் ஊசி போடுவார்கள், கால் மரத்துப்போகும், வயிற்றில் இழுப்பது போல இருக்கும், வலிக்காது. பிள்ளை நன்றாக இருந்தால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறேன் என்றும் எழுதியிருந்தார். அப்படியே காட்டினார். மகளைக் கொண்டுவந்து என் கன்னத்தில் வைத்தார். இதற்கெல்லாம் பத்து நிமிஷம் ஆகியிருக்குமா? ஒரு பைசா செலவு உண்டா?

இரண்டாவது பிரசவத்தில் ஒரு குறையும் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றி வேறொருவர் என் அம்மாவிடம் பேசி முடிவு செய்துவிட்டு, என்னிடம் கையெழுத்து மட்டும் கேட்டார். நான் படித்துப் பார்க்கிறேன் என்று தாளை வாங்கியதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. காது கேட்காவிட்டால் புத்தியும் இல்லை என்று அர்த்தமா? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, முழு விவரம் தெரிந்து சுயமாகச் சம்மதிக்காமல் எந்த மாற்றுத்திறனாளிக்கும் கருத்தடை சிகிச்சை செய்யக் கூடாது என்று சொல்கிறது. பேறுகால சிகிச்சை எங்களுக்கும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று 25-ஆவது பிரிவு சொல்கிறது. அதேபோல, பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணை உடன் இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே அரசு மருத்துவமனைகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ஆகவே நான் கேட்பது இரக்கமல்ல, ஏற்கெனவே உள்ளதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் எல்லாம் அம்மாவிடம் கேட்ட கேள்வி, "புள்ளையும் இப்படியே ஆயிடுமா? ராத்திரி அழுதா இதுக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான். காது கேளாத பெற்றோரின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நன்றாகவே காது கேட்கும். என் பிள்ளைகள் இருவருக்கும் கேட்கிறது. காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் காது கேட்கிற பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அதனால் பச்சைக் குழந்தைக்குச் செய்யும் காது பரிசோதனை எங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லோருக்கும் வேண்டியது. குழந்தை தூங்கும்போதே காதில் சின்னக் கருவியை வைத்துச் சில நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள், வலிக்காது. ஒரு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். ராத்திரி அழுதால்? தூளியில் ஒரு நாடாவைக் கட்டி மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுப்பேன். பிள்ளை கை காலை உதைத்தாலே எழுந்துவிடுவேன். அழும் வரைக்கும் காத்திருந்ததில்லை.

சுகாதாரத் துறையை நான் கேட்பது இவ்வளவுதான்.

1. காது கேளாத கர்ப்பிணியின் தாய் சேய் அட்டையிலும் கேஸ் ஷீட்டிலும் முதல் நாளே அதைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

2. அவளோடு கையால் பேசத் தெரிந்தவரைப் பிரசவ அறைக்குள் விடுங்கள். அப்படிப்பட்டவர் கணவர் ஒருவர்தான் என்றால், மறைப்பு கட்டியாவது அவரை விடுங்கள்.

3. குழந்தை பிறந்ததும் முதலில் அவள் கண்ணுக்குக் காட்டுங்கள். பால் கொடுக்கக் கூப்பிடும்போது தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள்.

4. எந்த ஊசி, எந்த ஆபரேஷன் என்றாலும் அவளிடமே எழுதிக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். படிக்கத் தெரியாதவளுக்குப் படம் காட்டலாம்.

5. பிரசவ வார்டில் இரண்டு சிஸ்டர்களுக்காவது சைகை மொழியில் வலி, மூச்சு, முக்கு, நிறுத்து, பால், ரத்தம் போன்ற வார்த்தைகளைச் சொல்லிக்கொடுங்கள். டில்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-ல் 10,000 வார்த்தைகளோடு அகராதியே வெளியிட்டிருக்கிறது.

தோழிகளே, நாளைக்கு உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பக்கத்துப் படுக்கையில் என்னைப் போல ஒருத்தி இருக்கலாம். 'ஊமை' என்று சொல்லி ஒதுங்காதீர்கள். காதருகே வந்து கத்தவும் வேண்டாம். தோளைத் தொட்டு, எதிரே நின்று, மெதுவாகப் பேசுங்கள். புரியாவிட்டால் செல்போனில் தட்டிக் காட்டுங்கள். டாக்டர் வந்தால், பெயர் கூப்பிட்டால், சொல்லுங்கள். உங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை, அவளுக்குப் பெரிய தைரியம். செய்வீர்கள்தானே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி