வாய்விட்டு வாசியுங்கள்

1855 செப்டெம்பர் 27 இரவு, லண்டனில் கவிஞர் பிரௌனிங் தங்கியிருந்த வீட்டில் டெனிசன் தம்முடைய ‘மோட்’ நெடுங்கவிதையை வாசித்தார். கேட்க இருந்தவர்கள் சிலரே. சோபாவில் அமர்ந்து, ஒரு கையால் தம் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்து அவர் படித்த கோலத்தை ஓவியர் ரொசெட்டி அங்கேயே வரைந்துவிட்டார். நல்ல வரி வந்தால் டெனிசன் நிறுத்தி, தாமே அதை வியந்துகொள்வாராம். (நம்மவர்களிலும் இப்படிச் சிலர் உண்டு, பெயர் வேண்டாம்.) அவர் முடித்த பிறகு பிரௌனிங் தம் கவிதையொன்றை வாசித்தார்.

அதே விக்டோரியா மகாராணியின் ஆட்சியில், 1866இல், கண்டி மாவட்டத்துத் தெல்தோட்டை போப்பிட்டியில் பிறந்தவர் அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர். ‘கண்டிக் கலம்பகம்’ அவர் பாடியது. அவர் வந்த மரபில் நூலென்றால் அரங்கேற வேண்டும். புலவரே பாடி, பொருள் விரித்து, சபையிலிருந்து எழும் தடைகளுக்கு விடை சொல்லவேண்டும். நண்பர் வீட்டுக் கூடத்தில் டெனிசனுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

எகிப்தியப் பெருங்கவிஞர் மஹ்மூத் சாமி அல்பாரூதியும் அந்நாளில் நாடுகடத்தப்பட்டுக் கண்டியில் வாழ்ந்தார். 1883இல் இலங்கைக்கு வந்தவர், 1899இல் பார்வை மங்கிய நிலையில் நாடு திரும்பினார். கண் போன கவிஞனுக்கு அடுத்தவர் செவியை விட்டால் வேறு தாள் ஏது?

இன்று கண்டியில் கவியரங்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒலிவாங்கியைப் பிடித்தவர் தலைவரைப் புகழ்ந்து முடிக்கவே பாதி நேரம் போய்விடுகிறது. மீதி நேரத்தில் ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை. இரண்டாவது தடவை கைதட்டலுக்காக. தடை எழுப்ப ஒருவரும் இல்லை. இதன் மறுகோடியில், நம் இதழுக்குத் தபாலில் வரும் கவிதைகள். பலவற்றை எழுதியவரே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். மூச்சு நிற்காத இடத்தில் வரி முறிந்திருக்கும். நாக்கு இடறும் இடத்தில் வடசொல் மூன்று வரிசையாக நிற்கும்.

மேடையும் பொன்னாடையும் வேண்டாம். பத்துப் பேர் உட்காரும் அறையும், குறுக்கே கேள்வி கேட்கத் துணிந்த ஒருவரும் போதும். தடுமாறினால் குற்றமில்லை. 1889இல் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி முன் நின்ற பிரௌனிங்கே தம் சொந்தக் கவிதையை மறந்து மன்னிப்புக் கேட்டார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது.

அடுத்த இதழுக்குக் கவிதை அனுப்புவோர், முதலில் இரண்டு பேருக்காவது அதை வாசித்துக் காட்டுங்கள். கேட்டவர்கள் இடையில் எழுந்து போயிருந்தால், எந்த வரியில் போனார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.