ஒரு பக்கம் போலீஸ் வழக்கு... மறுபக்கம் கேன்ஸ் விருது! புனே மாணவர் போராட்டம் படமான கதை

புனே:

போராட்டம்னு இறங்கினால் போலீஸ் வரும், வழக்கு வரும். நாலு நாளில் ஊர் மறந்துவிடும். ஆனால் புனே திரைப்படக் கல்லூரி மாணவர்கள் போராட்டத்தை யாராலும் மறக்க முடியவில்லை. காரணம், மாணவர்கள் கையில் இருந்த கேமரா!

139 நாள் ஸ்டிரைக்

மத்திய அரசின் புனே திரைப்பட, டெலிவிஷன் பயிற்சி நிலையத்தின் தலைவராக 2015-ல் கஜேந்திர சவுகான் நியமிக்கப்பட்டார். டி.வி. 'மகாபாரத'த்தில் தர்மராக நடித்தவர், பா.ஜனதாவைச் சேர்ந்தவர். இது அரசியல் நியமனம் என்று கொதித்த மாணவர்கள் ஜூன் 12-ந் தேதி ஸ்டிரைக்கில் குதித்தனர்.

ஆகஸ்டில் நிலைய இயக்குனரை முற்றுகையிட்டதாக புகார் போனது. நள்ளிரவில் போலீசார் வளாகத்துக்குள் நுழைந்து 5 மாணவர்களை கைது செய்தனர். 35 பேர் மீது வழக்கு பாய்ந்தது. 139 நாள் போராடியும் அரசு மசியவில்லை. 2016 ஜனவரியில் சவுகான் பதவியேற்றார்.

காதல் கடிதத்தில் போராட்டம்

அப்போ மாணவர்கள் தோற்றுப் போனார்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

வழக்கில் சிக்கியவர்களில் ஒருவர் மாணவி பாயல் கபாடியா. தானும் நண்பர்களும் எடுத்த காட்சிகளை வைத்து 'எ நைட் ஆப் நோயிங் நத்திங்' என்ற டாக்குமெண்டரியை உருவாக்கினார். சாதியைக் காட்டி பெற்றோர் பிரித்த காதலனுக்கு ஒரு மாணவி எழுதும் கடிதங்கள்தான் படத்தின் சரடு. கடிதம் கற்பனை, போராட்டக் காட்சிகள் நிஜம். 2019 டிசம்பரில் டெல்லி ஜாமியா பல்கலைக்கழக நூலகத்தில் மாணவர்கள் அடிவாங்கிய சி.சி.டி.வி. காட்சியும் உண்டு.

டி.வி. செய்தியில் தடியடி அரை நிமிஷம் வரும், போகும். அடிவாங்கிய பிள்ளைகளின் பயம், தூக்கம் கெட்ட ராத்திரி, வீட்டு நெருக்கடி எல்லாம் அதில் வராது. இந்தப் படம் அதைத்தான் காட்டியது. 2021-ல் கேன்ஸ் விழாவில் சிறந்த டாக்குமெண்டரிக்கான 'தங்கக் கண்' விருதைத் தட்டிச் சென்றது.

வாழ்த்தும் வழக்கும்

2024 மே மாதம் பாயலின் அடுத்த படம் கேன்சில் 'கிராண்ட் பிரி' விருது வென்றது. படித்த நிலையமே பெருமையோடு வாழ்த்தியது. ஆனால் 2015 வழக்கு அப்போதும் கோர்ட்டில் நிலுவையில் இருந்தது! வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னார், அங்கு படித்து ஆஸ்கர் வென்ற ரசூல் பூக்குட்டி.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது கோர்ட் சொல்ல வேண்டியது. ஆனால் போலீஸ் பைலில் 35 பெயர்கள் மட்டும்தான் இருக்கும். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளின் முகம் படத்தில் இருக்கிறது.