எச்சரிக்கை வந்தால் எங்களைக் கீழே இறக்குங்கள்

நவம்பரில் பத்ரிநாத் கோயில் நடை சாத்தியதும், அதற்கு அப்பால் திபெத் எல்லையோரம் இருக்கும் மாணா கிராமமும் காலியாகிவிடும். ஊர் மக்கள் கோபேஷ்வர் பக்கம் இறங்கிவிடுவார்கள். பனிக்காலத்தில் அங்கே தங்கக்கூடாது என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தது. சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள அதே இடத்தில், எல்லைச் சாலையின் பனியை அகற்ற வந்த கூலித் தொழிலாளர்களாகிய நாங்கள் இரும்புக் கன்டெய்னர்களில் படுத்துக் கிடக்கிறோம். பீகார், உத்தரப் பிரதேசம், இமாச்சல், பஞ்சாப் எனப் பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள்.

2025 பிப்ரவரி 28 காலையில் மலைச்சரிவிலிருந்து பனி பெயர்ந்து விழுந்து, எட்டு கன்டெய்னர்களையும் ஒரு கொட்டகையையும் புதைத்தது. சிக்கிய 54 பேரில் 46 பேர் பிழைத்தார்கள். எட்டுப் பேர் போய்விட்டார்கள். மாணா இருக்கும் சமோலி மாவட்டத்தின் உயரமான பகுதிகளில் பனிச்சரிவு அபாயம் இருப்பதாக முந்தைய நாள் மாலையே எச்சரிக்கை வெளியாகியிருந்தது. அதன் பிறகும் தொழிலாளர்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? இதைத்தான் நாங்கள் கேட்கிறோம். 2021 ஏப்ரலில் இதே சமோலி மாவட்டத்தின் சும்னாவில் சாலைப் பணி முகாம் ஒன்று புதைந்தபோதும் கேட்டோம்.

பனிச்சரிவை யாராலும் அறிய முடியாத தெய்வச் செயல் என்று சொல்லி ஒதுக்குவது நியாயமல்ல. முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலும் அது நிகழ்கிறது. பழைய பனியில் பிடிப்பில்லாத ஓர் அடுக்கு இருந்து, அதன்மேல் ஒரே இரவில் புதுப்பனி கனமாகக் குவிந்தால், அல்லது காற்று வாரிக்கொண்டுவந்து சேர்த்தால், மேலடுக்கு பாளமாக வழுக்கி இறங்கும். எந்தச் சரிவு எந்த வழியாக இறங்கும் என்பதை வரைபடத்தில் குறிக்க முடியும். அந்த வழியில் முகாம் போடாமல் இருக்கவும் முடியும்.

புதைந்தவருக்குக் கால் மணி நேரம் கடந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாக அருகிவிடும். மாணாவில் முதல் நாள் கடும் பனிப்பொழிவால் ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. இரும்புக் கன்டெய்னருக்குள் தங்கிய காற்றுதான் பலரைக் காத்தது. திறந்த சாலையில் மண்வாரியோடு நிற்பவனுக்கு அந்த இரும்பும் கிடையாது. பக்கத்தில் நிற்கும் தோழன்தான் அவனைத் தோண்டி எடுக்க வேண்டும். அதற்குப் புதைந்தவர் இருக்குமிடம் காட்டும் கருவியும், துழாவும் நீள்கம்பியும், பயிற்சியும் வேண்டும்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் பார்வையிட வருகிறார்கள், நிவாரணம் அறிவிக்கிறார்கள், பாதுகாப்பான முகாம் அமைப்போம் என்கிறார்கள். அடுத்த பனிக்காலமும் பழையபடியே வருகிறது.

எச்சரிக்கை வெளியான அன்றே வேலையை நிறுத்தி எங்களைக் கீழே இறக்குவதைக் கட்டாயமாக்க வேண்டும். அந்த நாட்களுக்கு முழுக்கூலி தர வேண்டும். கூலி போய்விடும் என்றால் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவன் இறங்கத் தயங்கத்தான் செய்வான். எச்சரிக்கை அலுவலகக் காகிதத்தோடு நின்றுவிடாமல், எங்களுக்குப் புரியும் மொழியில் முகாமின் கடைசி ஆள் வரை எட்ட வேண்டும். சாலை போட இத்தனை இயந்திரங்களை மலையேற்ற முடிந்த நிர்வாகத்தால் இதையும் செய்ய முடியும். வரும் நவம்பருக்குள் செய்யுங்கள்.