கொடைக்கானல் காட்டுத் தீ: விமானத்துல ரசாயனம் கொட்டினா அணைஞ்சிடுமா?

கோடை வந்தாலே கொடைக்கானல் மலையில் புகை தெரிய ஆரம்பிச்சிடுது. 2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. சுற்றுலா வாகனங்கள் அந்தப் பக்கம் போகத் தடை விதிக்கப்பட்டது. இப்படி தீ பற்றும்போதெல்லாம் எழும் கேள்வி: "அமெரிக்காவுல விமானத்துல சிவப்பா எதையோ கொட்றாங்களே, அதை இங்கே செஞ்சா என்ன?"

அந்த சிவப்புக் கலவை என்ன?

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயின்போது டிவியில் நாம் பார்த்தது 'ஃபாஸ்-செக்'. இதன் முக்கியப் பொருள் அம்மோனியம் பாஸ்பேட். வயலுக்குப் போடும் உரத்தில் இருக்கும் அதே வகை உப்புதான். எங்கே விழுந்தது என்று விமானிக்குத் தெரியவே சிவப்பு நிறம்.

எரியும் தீயை அணைப்பது இதன் வேலை இல்லை. தீ வரப்போகும் பாதையில் உள்ள புல், இலை மேல் படிந்து, அவை பற்றுவதைத் தாமதப்படுத்தும். அந்த இடைவெளியில் தரையில் ஆட்கள் போய் தீயைக் கட்டுப்படுத்தணும். ஆள் இறங்க முடியாத செங்குத்துச் சரிவில் இதன் பலன் குறைவு.

சிக்கல் எங்கே?

தண்ணீரில்தான். இந்தக் கலவை ஓடையில் கலந்தால் அம்மோனியா மீன்களைக் கொல்லும். அதனால்தான் அமெரிக்க வனத்துறையே நீர்நிலைகளுக்கு 300 அடிக்குள் இதைக் கொட்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களும் இதில் இருப்பதை தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்டார்கள்.

பழனி மலையில் மடிப்புக்கு மடிப்பு ஓடை. பேரிஜம் ஏரித் தண்ணீரைத்தான் கீழே பெரியகுளம் குடிக்கிறது. 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் பாம்பார் சோலையில் கலந்த கதையும் கொடைக்கானல்காரர்களுக்கு மறக்கவில்லை. மலைமேல் கொட்டுவது கீழேதான் வரும்.

அப்போ தீ ஏன் பற்றுது?

இந்தியாவில் பெரும்பாலான காட்டுத் தீக்கு மனிதர்களே காரணம். அணைக்காத பீடி, சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு, தோட்டத்தைச் சுத்தம் செய்ய வைக்கும் தீ. அது பரவ உதவுவது யார்? நாம் நட்ட மரங்கள். சோலைக்காடும் புல்வெளியும் இருந்த இடத்தில் வேட்டில், பைன், யூகலிப்டஸ் நடப்பட்டன. பைன் சருகும் யூகலிப்டஸ் எண்ணெயும் கோடையில் சுலபமாகப் பற்றும். வேட்டில் விதை தீச்சூட்டில்தான் நன்றாக முளைக்கும். எரிந்த இடத்தில் வேட்டில் இன்னும் அடர்த்தியாக வரும். சோலை மரங்களோ தீயைத் தாங்காது. சோலை போனால், மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக ஓடையில் விடும் அமைப்பும் போச்சு.

இங்கே என்ன செய்யலாம்?

2024 மார்ச்சில் குன்னூர் தீயில் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் 'பாம்பி பக்கெட்'டில் சுமார் 16,000 லிட்டர் தண்ணீர் ஊற்றியது. ரசாயனம் இல்லாத வழி இது. ஆனாலும் இது கடைசி ஆயுதம்தான்.

உயிரைக் காப்பது முன்கூட்டியே செய்யும் வேலை. 2018 மார்ச் 11-ல் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஜனவரி, பிப்ரவரியிலேயே தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தம் செய்யணும். உள்ளூர் மக்களைத் தீக்காவலர்களாக அமர்த்தி, ஊதியத்தை உரிய நேரத்தில் கொடுக்கணும். வேட்டிலை வெட்டினால் மட்டும் போதாது. வெயில் பட்டதும் மண்ணில் கிடக்கும் விதை மொத்தமாக முளைக்கும். அதைத் தொடர்ந்து பிடுங்கி, புல்லை மீட்கணும்.

கொடைக்கானல் போறீங்களா? காட்டுக்குள் தீ மூட்டாதீங்க. சரணாலயத்துக்குள் தீ வைப்பது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புகையைப் பார்த்தால் வீடியோ எடுப்பதற்கு முன்னால் 112-க்கு அழைத்து, எந்த ஊர், எந்தச் சாலை என்று சொல்லுங்க.